இளஞ்சிவப்புச் சீட்டில் வென்றவர்: புதிய ஊராட்சித் தலைவரும் அவரது மக்களும்

தமிழக ஊரக உள்ளாட்சித் தேர்தலில் ஒரு வாக்காளர் நான்கு சீட்டுகளில் முத்திரை குத்துகிறார். வார்டு உறுப்பினருக்கு ஒன்று, இளஞ்சிவப்பு நிறத்தில் ஊராட்சித் தலைவருக்கு ஒன்று, பச்சையில் ஒன்றியக் கவுன்சிலருக்கு, மஞ்சளில் மாவட்டக் கவுன்சிலருக்கு. பச்சையிலும் மஞ்சளிலும் கட்சிச் சின்னங்கள் இருக்கும். மற்ற இரண்டிலும் பூட்டு சாவி, ஆட்டோ போன்ற பொதுச் சின்னங்கள்தாம். கட்சிக்குச் சட்டப்படி இடமில்லாத அந்த இளஞ்சிவப்புச் சீட்டுக்குத்தான் ஊரில் சூடு அதிகம். திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போனவர்கள் பஸ் பிடித்து வந்து குத்திவிட்டுப் போகும் சீட்டு அது.

அந்தச் சீட்டில் முதல்முறையாக வென்றவரைப் பற்றியது இந்தக் கட்டுரை. தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகள் என்பது பல ஆண்டுகளாக நிலைத்திருந்த கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஊரக மக்கள்தொகையை அதனால் வகுத்தால் ஓர் ஊராட்சிக்கு ஏறத்தாழ 3,000 பேர். தலைவரை ஏறக்குறைய எல்லோரும் முகமறிந்து, பேர் சொல்லிக் கூப்பிடக்கூடிய அளவு. வார்டு உறுப்பினரைத் தவிர மாநிலத்தில் வேறு எந்த மக்கள் பிரதிநிதியும் இவ்வளவு அருகில் இல்லை. இவ்வளவு குறைந்த அதிகாரத்தோடும் இல்லை. அவர் யாருக்குப் பிரதிநிதி, அவரால் என்ன செய்ய முடியும், அவர் செய்யும் சேவையை எதைக் கொண்டு அளப்பது என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது. வீட்டு வாசலில் வந்து நிற்பவர்களுக்கு அவர் முடித்துக் கொடுக்கும் காரியங்களை வைத்து அவரை மதிப்பது ஊர் வழக்கம். யாரும் அவர் வாசலுக்கு வராமலேயே ஊருக்குக் கிடைக்கத் தொடங்கியவற்றை வைத்து அவரை மதிக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

உத்திரமேரூர் முதல் 73-ஆவது திருத்தம் வரை

உள்ளாட்சி பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் உத்திரமேரூரைத் தொடாமல் போவதில்லை. முதலாம் பராந்தகன் காலத்தில், பொ.ஆ. 919, 921 ஆகிய ஆண்டுகளில் அங்கே வெட்டப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாகச் சொல்கின்றன. ஊர் 'குடும்பு' எனப்பட்ட முப்பது பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டுக் குலுக்கி வாரிய உறுப்பினர்கள் எடுக்கப்பட்டார்கள். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி வர முடியாது என்ற விதி இன்றைக்கும் நம்மை நிமிர்ந்து உட்காரச் செய்கிறது.

பெருமை கொள்ளும்போதே மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அது பிராமணர்களின் சபை. கால் வேலி என்ற பழைய நில அளவுக்கு மேல் வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் உள்ளவர்கள்தாம் அந்தக் குடத்துக்குள் போக முடியும். பெண்ணுக்கும் நிலமற்றவருக்கும் அங்கே ஓலை இல்லை. கணக்குக் காட்டும் ஒழுங்கு ஆயிரம் ஆண்டு பழமையானது. எல்லோருக்கும் ஓலை என்பது நேற்று வந்தது.

இந்த இரண்டுக்கும் இடையிலான இழுபறி அரசியல் நிர்ணய சபையிலும் ஒலித்தது. காந்தி கிராமத்தை நாட்டின் அடித்தளமாகக் கண்டார். அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று ஆற்றிய உரையில், கிராமத்தைக் குறுகிய மனமும் வகுப்புணர்வும் குடிகொண்ட இடமாகக் கண்டு எச்சரித்தார். அதே மாதத்தில் தமிழரான கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தத்தால் ஊராட்சிகள் அரசமைப்பின் 40-ஆவது பிரிவில் வழிகாட்டு நெறியாக இடம்பெற்றன. நெறியாக இருந்தது கட்டாயமாக மாற நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 73-ஆவது அரசமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல், தனி மாநிலத் தேர்தல் ஆணையம், மாநில நிதி ஆணையம், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகைக்கு ஏற்ற இடஒதுக்கீடு, பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடம் ஆகியவை அதன் தூண்கள். தமிழ்நாடு 1994-இல் தன் ஊராட்சிகள் சட்டத்தை இயற்றி 1996-இல் தேர்தல் நடத்தியது. 2016-இல் பெண்களின் பங்கைப் பாதியாக உயர்த்தியது. 2025-இல் உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் சட்டத்திருத்தமும் வந்தது.

காந்தியின் நம்பிக்கை, அம்பேத்கரின் எச்சரிக்கை இரண்டையும் இன்றைய ஊராட்சித் தலைவர் சேர்த்தே சுமக்கிறார். ஊர் தன்னைத் தானே ஆள முடியும் என்பதற்கு அவரே சாட்சி. ஊருக்குள் யார் ஆளலாம், யார் ஆளக் கூடாது என்று காலங்காலமாக இருந்துவந்த கணக்கை உடைக்க வேண்டியவரும் அவரே.

யாருக்குப் பிரதிநிதி?

ஓர் ஊராட்சி என்பது பெரும்பாலும் ஒரே ஊர் அன்று. தாய்க் கிராமம் ஒன்று, அதைச் சுற்றிச் சில குக்கிராமங்கள், ஊருக்குத் தள்ளி ஒரு காலனி, தோட்டங்களுக்கு நடுவே சிதறிய வீடுகள் என்று அது விரிந்து கிடக்கும். தலைவர் இவற்றில் ஏதோ ஓர் இடத்தைச் சேர்ந்தவர். தேர்தலில் அவருக்கு விழுந்த வாக்குகளைத் தெருவாரியாகச் சொல்லக்கூடியவர்கள் ஊரில் பலர் இருப்பார்கள். எந்தத் தெரு குத்தியது, எந்தத் தெரு கைவிட்டது என்பது எண்ணிக்கை முடிந்த அன்றே தெரிந்துவிடும்.

அவரது முதல் சோதனை இங்கேதான் வருகிறது. புதிதாகப் போடும் ஆழ்துளைக் கிணறு எந்தத் தெருவில்? சிமென்ட் சாலை எந்தப் பக்கம் முதலில்? தமிழ்நாடு உள்ளிட்ட தென்மாநிலங்களின் ஊராட்சிகளை ஆராய்ந்த டிமோத்தி பெஸ்லி, ரோகிணி பாண்டே, விஜயேந்திர ராவ் உள்ளிட்ட பொருளியலாளர்கள், ஊராட்சிக்குள் தலைவரின் சொந்தக் கிராமத்துக்குப் பொதுவசதிகள் கூடுதலாகப் போய்ச் சேர்வதை 2000-களின் தொடக்கத்தில் திரட்டிய தரவுகளால் காட்டினார்கள். இதைக் கேட்கும் கிராமத்தார் யாரும் வியக்கமாட்டார்கள். ஊர் அறிந்ததை எண்களால் உறுதிசெய்ததே அதன் பயன்.

இதை வெறும் பேராசையாகப் பார்த்தால் பாதிதான் புரியும். தன் தெருக்காரர்கள் அவரிடம் உரிமையோடு கேட்கிறார்கள். இன்னொரு குக்கிராமத்தார் மனுவோடு வருகிறார்கள். உரிமையோடு கேட்பவரை மறுப்பது கடினம். எனவே சார்பின்மை என்ற குணத்தை மட்டும் நம்பிப் பயனில்லை. அதைக் காக்கும் ஒழுங்கு வேண்டும். எந்த வேலை எந்த வரிசையில் நடக்கும் என்ற பட்டியலைக் கிராம சபையில் தீர்மானமாக்கி ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதிவைத்துவிட்டால், தன் உறவினரிடம் அவர் சுவரைக் காட்டலாம். அந்தச் சுவர் அவருக்கும் பாதுகாப்பு, எதிர்த்து நின்று தோற்றவரின் தெருவுக்கும் பாதுகாப்பு.

பிரதிநிதித்துவத்தை வேரிலேயே அறுக்கும் இன்னொரு பழக்கமும் உண்டு. ஊர்ப் பெரியவர்கள் கூடித் தலைவர் பதவியை ஏலம் விடுவதும், கோயிலுக்கு அதிகப் பணம் தருவதாகச் சொன்னவரைப் போட்டியின்றித் தேர்ந்தெடுப்பதும் ஒவ்வொரு தேர்தலின்போதும் செய்தியாகின்றன. சண்டை சச்சரவு வேண்டாம், கோயில் திருப்பணியாவது நடக்கும் என்று அதற்கு நியாயமும் சொல்லப்படுகிறது. ஏலத்தில் எடுத்தவர் மக்களுக்குக் கடன்பட்டவர் ஆகமாட்டார். போட்ட பணத்தைத் திரும்ப எடுக்க வேண்டியவராகவே பதவிக்கு வருவார். அந்த ஊரின் ஏழைக்குக் கையிலிருந்த ஒரே ஆயுதமான வாக்கும் அவரைக் கேட்காமலே விற்கப்பட்டுவிடுகிறது.

நாற்காலியும் கையெழுத்தும்

வென்றவர் பதவியேற்கிறார். மாலை போடுகிறார்கள், வெடி வெடிக்கிறார்கள். மறுநாள் ஊராட்சிச் செயலர் கோப்புகளைக் கொண்டுவந்து வைக்கிறார். கிராமத்தில் இன்னும் 'கிளார்க்' என்றே அழைக்கப்படும் இந்தச் செயலருக்குத்தான் எந்தக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது, எந்தப் பணிக்கு ஓவர்சியர் அளவெடுக்கவில்லை, மின்வாரியத்துக்கு எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் தெரியும். முதல் சில மாதங்களில் புதிய தலைவருக்கு அவரே ஆசிரியர், சில ஊர்களில் எஜமானர். மறைமலை நகரிலுள்ள மாநில ஊரக வளர்ச்சிப் பயிற்சி நிறுவனமும், காந்திகிராமப் பல்கலைக்கழகத்தில் க. பழனித்துரை போன்ற ஆய்வாளர்களும் பல ஆண்டுகளாகப் பயிற்சிகள் நடத்தியிருக்கிறார்கள். சட்டம் தெரிந்த தலைவரையும் தெரியாத தலைவரையும் வட்டார வளர்ச்சி அலுவலரின் (பி.டி.ஓ.) அலுவலகம் ஒரே மாதிரி நடத்துவதில்லை என்பதை அனுபவப்பட்ட தலைவர்கள் எல்லோரும் சொல்வார்கள்.

அரசமைப்பின் பதினோராம் அட்டவணை 29 துறைகளைப் பட்டியலிடுகிறது: வேளாண்மை, சிறுபாசனம், குடிநீர், சாலை, தொடக்கக் கல்வி, சுகாதாரம் என நீளும் பட்டியல். ஆனால் அவற்றை ஊராட்சிகளுக்கு அளிப்பதா வேண்டாமா என்ற முடிவை 243-ஜி பிரிவு மாநிலத்தின் கையில் விட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் ஊராட்சிக்கு உண்மையில் வந்துசேர்ந்தவை குடிநீர், தெருவிளக்கு, ஊர்ச்சாலை, கழிவுநீர், குப்பை, சுடுகாடு போன்றவை. பள்ளி ஆசிரியரும் செவிலியரும் வேளாண் அலுவலரும் அவரவர் துறைக்கே பதில் சொல்கிறார்கள். ஊர்ப் பள்ளியில் ஆசிரியர் இல்லையென்றால் தலைவரால் மனு எழுத முடியும். அதற்கு மேல் அவருக்குச் சட்டம் ஒன்றும் தரவில்லை.

பணத்தின் கதையும் இதுதான். வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், தொழில் வரி போன்றவை சொந்த வருவாய். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் பத்து விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்குப் பகிர்வது மாநில நிதி ஆணையப் பரிந்துரைகளின் வழி வந்த முறை. ஒன்றிய அரசின் 15-ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்கான மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிவைத்தது. குடிநீர் முக்கியம் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் ஊருக்கு இன்றைய தேவை வாய்க்கால் கரையா, நூலகமா, தெருவிளக்கா என்று ஊரே முடிவுசெய்யும் பணம் அதனால் சுருங்கிவிட்டது. தொழிற்சாலைகள் உள்ள ஒரு சில ஊராட்சிகளைத் தவிர மற்றவற்றில் வரும் பணம் மின் கட்டணத்துக்கும் மோட்டார் பழுதுக்கும் தூய்மைப் பணியாளர் சம்பளத்துக்குமே சரியாய்ப் போகிறது.

காசோலை விஷயமும் புதியவருக்குப் பெரிய பாடம். ஊராட்சிப் பணத்தைச் செலவிடத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். இணையவழிப் பட்டுவாடா வந்த பிறகு அது இருவரின் மின்னணுக் கையொப்பமாக மாறியிருக்கிறது. தனியாள் கைக்குப் பணம் போய்விடக் கூடாது என்ற நல்ல நோக்கம்தான். ஆனால் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவர் பதவி பட்டியல் சாதிக்கு ஒதுக்கப்பட்ட ஊர்களில் ஆதிக்க சாதியினர் துணைத் தலைவர் நாற்காலியைக் குறிவைப்பதன் காரணம் இந்தக் கையெழுத்து. அது ஒரு மாதம் வராவிட்டால் மோட்டார் பழுதுபார்த்தவருக்குக் கூலி போகாது, குழாயில் தண்ணீர் வராது, பழி தலைவர்மேல் விழும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஆட்சியர் இருக்கிறார். ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆவது பிரிவு, விளக்கம் கேட்டு, ஊராட்சி மன்றத்தின் கருத்தையும் அறிந்த பிறகு தலைவரைப் பதவிநீக்கும் அதிகாரத்தை ஆட்சியருக்கு அளிக்கிறது. முறைகேடு செய்பவரைத் தடுக்க வழி வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவரை நியமன அதிகாரி நீக்க முடியும் என்னும்போது, தலைவர் மக்களைப் பார்த்து நிற்பதைவிட அலுவலகத்தைப் பார்த்து நிற்கப் பழகிவிடுகிறார். சட்டமன்ற உறுப்பினர் ஒருவரை அப்படி நீக்க முடியும் என்று யாராவது சொன்னால் நாம் ஏற்போமா?

அண்டை மாநிலமான கேரளம் வேறு பாதையில் போனது. 1996-இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தது. வேளாண் அலுவலகம், கால்நடை மருத்துவமனை, ஆரம்ப சுகாதார நிலையம் போன்றவற்றை ஊராட்சியின் பொறுப்பில் விட்டது. கேரள ஊராட்சிகள் எண்ணிக்கையில் ஆயிரத்துக்கும் குறைவு, ஒவ்வொன்றும் நம்முடையதைவிடப் பல மடங்கு பெரியது என்பதை மறக்காமல்தான் ஒப்பிட வேண்டும். சிறிய ஊராட்சிக்குத் தனி மருத்துவமனை கட்டுப்படியாகாமல் போகலாம். ஆனால் தன் ஊர்த் துணைச் சுகாதார நிலையம் எந்நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதில் அதற்குக் குரல் இருக்கக் கூடாது என்பதற்கு ஊரின் அளவு காரணமாகாது.

வாசலில் நிற்பவர்கள்

காலை ஆறு மணிக்கே தலைவர் வீட்டு வாசலில் ஆள் நிற்கும். தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை, லைட் எரியவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது என்று வருபவர்கள் ஒரு வகை. இவை ஊராட்சியின் நேரடிப் பொறுப்புகள். முதியோர் உதவித்தொகை நின்றுபோனது, பட்டா மாறவில்லை, சாதிச் சான்று இழுத்தடிக்கிறார்கள், ரேஷன் கார்டில் மருமகள் பெயர் ஏறவில்லை என்று வருபவர்கள் இன்னொரு வகை. இவற்றில் ஒன்றுகூடத் தலைவர் கையில் இல்லை. வருவாய்த் துறையும் உணவு வழங்கல் துறையும் செய்ய வேண்டியவை. ஆனால் தாலுகா அலுவலகத்துக்குத் தனியாகப் போய் நிற்கத் தயங்கும் ஒரு மூதாட்டிக்கு அரசாங்கம் என்றால் பிரசிடெண்ட்தான். கூட்டிக்கொண்டு போய், மனு எழுதிக் கொடுத்து, மாலைவரை நின்று முடித்துத் தருபவரை அவர் உயிருள்ளவரை மறப்பதில்லை.

இந்த உதவியை அலட்சியமாகப் பேசுவது பட்டணத்துப் பழக்கம். ஏழையின் ஒரு நாள் கூலியும் மானமும் அதில் காப்பாற்றப்படுகின்றன. அதற்காகத் தன் பணத்தில் பெட்ரோல் போட்டு அலையும் தலைவர்கள் இந்த மண்ணில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு அரசு தரும் மாத மதிப்பூதியம் அந்தப் பெட்ரோலுக்கும் காணாது. சேவை என்ற சொல் இவர்களுக்குப் பொருந்தும்.

என்றாலும், உதவியே ஆட்சியாகிவிடும்போது இரண்டு தீங்குகள் நேர்கின்றன. முதலாவது, கேட்கத் தெரிந்தவருக்கே கிடைக்கிறது. வாசலுக்கு வரத் தயங்கும் விதவைப் பெண், எதிரணிக்கு வேலை செய்த குடும்பம், தலைவர் தெருவுக்குள் நுழையவே தயங்கும் சாதியார் ஆகியோர் பட்டியலில் ஏறுவதேயில்லை. இரண்டாவது, பெற்றவர் கடன்பட்டவராகிறார். முதியோர் உதவித்தொகை அவரது உரிமை. ஆனால் அது தலைவர் 'வாங்கிக் கொடுத்தது' என்றாகும்போது அடுத்த தேர்தலில் வாக்கை அவர் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

புதிய தலைவர் ஒருவர் இதை மாற்ற நினைத்தால் வழி உண்டு. ஊரில் உதவித்தொகைக்குத் தகுதியுள்ள எல்லோரையும் வீடுவீடாகக் கணக்கெடுத்து ஒரே மனுவாகக் கொடுக்கலாம். தண்ணீர் திறக்கும் நேரத்தைத் தெருவாரியாக எழுதி ஒட்டலாம். குழாய், விளக்குப் புகார்களை ஊராட்சி அலுவலகத்தில் ஒரு பதிவேட்டில் ஏற்றி, சரிசெய்த நாளையும் அதிலேயே எழுதலாம். மாதத்தில் ஒரு நாள் கிராம நிர்வாக அலுவலரையும் ரேஷன் கடை விற்பனையாளரையும் ஊராட்சி அலுவலகத்துக்கு அழைத்து மக்களைச் சந்திக்கச் செய்யலாம். இவற்றுக்குப் புதிய சட்டமோ நிதியோ வேண்டியதில்லை. செய்தால் வாசலில் கூட்டம் குறையும். அதைச் செல்வாக்குக் குறைந்ததாக எண்ணி அஞ்சாதவரே நல்ல தலைவர்.

நாற்காலிக்குச் சிந்திய இரத்தம்

தேர்தலில் வென்ற பிறகும் பதவியில் உட்கார முடியாமல் போனவர்களின் வரலாறு தமிழ்நாட்டுக்கு உண்டு. அதைச் சொல்லாமல் பிரதிநிதித்துவம் பற்றி எழுதுவது நேர்மையாகாது.

மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி 1996-இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டல்களையும் வன்முறையையும் தாண்டித் தேர்தல் நடந்து முருகேசன் தலைவரானார். ஊராட்சி அலுவலகத்துக்குள் அவரால் நிம்மதியாக நுழைய முடியவில்லை. 1997 ஜூன் 30 அன்று மதுரைக்குப் போய் ஆட்சியர் அலுவலகத்தில் முறையிட்டுவிட்டுப் பேருந்தில் திரும்பும் வழியில், அவரும் உடன் சென்றவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2001-இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அதே மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களிலும் விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தலிலும் தலித் ஒருவர் தலைவராவதைப் பத்து ஆண்டுகள் தடுத்துவைத்திருந்தார்கள். மனு போட ஆளில்லை. போட்டு வென்றவர் உடனே விலகச் செய்யப்பட்டார். 2006-இல் மதுரை ஆட்சியராக இருந்த த. உதயச்சந்திரன் ஊர் ஊராகப் பேசி, அரசும் உறுதியாக நின்ற பிறகே அங்கே முறையான தேர்தல் நடந்தது. நிர்வாகம் மனம்வைத்தால் பத்தாண்டுப் பூட்டும் திறக்கும் என்பதற்கு அது சான்று.

மாநகரத்திலும் இந்த விலை கேட்கப்பட்டது. மதுரை வில்லாபுரத்தில் 1996-இல் மாமன்ற உறுப்பினரான கைத்தறி நெசவாளர் லீலாவதி, தண்ணீரை விலைக்கு விற்றவர்களின் பிடியிலிருந்து தன் வார்டு மக்களை மீட்கக் குழாய்த் தண்ணீருக்காகப் போராடினார். 1997 ஏப்ரல் 23 அன்று, பதவிக்கு வந்த முதல் ஆண்டுகூட நிறைவடையாத நிலையில், பட்டப்பகலில் கொல்லப்பட்டார். 2011-இல் திருநெல்வேலி மாவட்டம் தாழையூத்து ஊராட்சித் தலைவராக இருந்து கழிப்பறைக்காக முயன்ற கிருஷ்ணவேணி கொடூரமாக வெட்டப்பட்டு உயிர் தப்பினார். இவர்கள் கேட்டது குழாயையும் கழிப்பறையையும் சமமான நாற்காலியையும்தான். ஊராட்சி சாதாரண வேலை என்று எண்ணுபவர்கள் இந்தப் பெயர்களை நினைத்துப் பார்க்க வேண்டும்.

காலம் மாறிவிட்டதா? 2020 ஆகஸ்டில் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலித் பெண் தலைவர் சுதந்திர தினத்தன்று கொடியேற்றத் தடுக்கப்பட்டார். சில நாள்களில் ஆட்சியர் முன்னிலையில் ஏற்றினார். அதே ஆண்டு அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் தலைவர் தரையிலும் மற்றவர்கள் நாற்காலியிலும் அமர்ந்திருந்த படம் வெளியாகி மாநிலத்தை உலுக்கியது. ஒரு படத்தால் வெளியே வந்தது இது. படம் எடுக்கப்படாத ஊர்களை நினைத்தால் மனம் கனக்கிறது. தரையில் உட்கார வைக்கப்பட்டவர் ஒருவர் மட்டுமல்லர். அவருக்கு இளஞ்சிவப்புச் சீட்டில் முத்திரை குத்திய ஊர் முழுவதும் தரையில் உட்கார வைக்கப்பட்டது.

பெண் தலைவர்களைப் பற்றிப் பேசும்போது, கணவர்தான் நிர்வாகம் செய்கிறார் என்ற வசை முதலில் வருகிறது. அது பல ஊர்களில் உண்மை; தடுக்கப்படவும் வேண்டும். ஆனால் அதோடு பேச்சை முடிப்பவர்கள் ஆய்வுகள் சொல்வதைக் கவனிப்பதில்லை. மேற்கு வங்கத்தின் பீர்பூமிலும் ராஜஸ்தானின் உதய்பூரிலும் ராகவேந்திர சட்டோபாத்யாயாவும் எஸ்தர் டுஃப்லோவும் செய்து 2004-இல் வெளியிட்ட ஆய்வு, பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் பெண்கள் அதிகம் கேட்கும் குடிநீர் போன்றவற்றுக்குக் கூடுதல் முதலீடு போவதைக் கண்டது. தமிழ்நாட்டுக் கிராம சபைப் பேச்சுகளை எழுத்தாக்கி ஆராய்ந்து 2019-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, பெண்கள் பேசும் வாய்ப்பும் அவர்களது பேச்சுக்கு அதிகாரிகளிடமிருந்து பதில் கிடைக்கும் வாய்ப்பும் ஆண்களைவிடக் குறைவு என்றது. தலைவர் பெண்ணாக இருந்த இடங்களில் அந்தப் பதில் கிடைக்கும் வாய்ப்பு கூடியது என்றும் சொன்னது. நாற்காலியில் இருப்பவர் யார் என்பது எதிரே நிற்பவரின் குரலையும் மாற்றுகிறது.

செய்து காட்டியவர்கள்

இவ்வளவு தடைகளுக்கு நடுவிலும் வழிகாட்டிய ஊராட்சிகள் உண்டு. திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்தில் 1996-இல் தலைவரான ரெ. இளங்கோ வேதிப் பொறியியல் படித்தவர், தலித் சமூகத்தைச் சேர்ந்தவர். இரண்டு முறை தலைவராக இருந்த அவரது காலத்தில், ஒரே சுவரைப் பகிரும் இரட்டை வீடுகளில் தலித் குடும்பமும் பிற சாதிக் குடும்பமும் குடியேறின. சிக்கனமாகப் பணி செய்ய விதிகளை மீறியதாக இடைநீக்கத்தையும் அவர் சந்தித்தார். கிராம சபை அவர் பின்னால் திரண்டது. பொறுப்பு திரும்பக் கிடைத்தது. மேலேயிருந்து வந்த அழுத்தத்தை அவர் தாங்கக் காரணம், கணக்கை முன்பே மக்கள் முன் வைத்திருந்தது.

மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சியில் 1996 முதல் பத்தாண்டுகள் தலைவராக இருந்த இரா. சண்முகம் மின் கட்டணச் சுமையைப் பார்த்தார். வீடுகளும் குடிநீர்த் திட்டங்களும் பெருகப் பெருக மின் கட்டணமும் ஏறியது. வங்கிக் கடனும் ஊராட்சியின் சேமிப்பும் சேர்த்து, ஏறத்தாழ 1.55 கோடி ரூபாயில், 2006-இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊராட்சியே நிறுவியது. உற்பத்தியாகும் மின்சாரம் மின்வாரியத்துக்குப் போகிறது. ஊராட்சிக்கு வருமானம் வருகிறது. தலைவர் மாறினாலும் காற்றாலை சுழல்கிறது என்பதே இதில் முக்கியம். ஒருவரது பெருந்தன்மையை நம்பி நிற்காத வருவாயாக அது அமைந்தது.

இரண்டு ஊர்களுக்கும் பொதுவானவை சில உண்டு. இருவரும் பத்தாண்டுகள் தொடர்ந்து இருந்தார்கள். முதல் ஐந்தாண்டில் கற்றதை இரண்டாவதில் விதைத்தார்கள். கணக்கை மறைக்கவில்லை. வாக்களித்தவர், அளிக்காதவர் என்று பிரிக்க முடியாத பொதுவான ஒன்றைக் கட்டினார்கள்.

கிராம சபை என்னும் பலம்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களிலும் தமிழ்நாட்டில் கிராம சபை கூட வேண்டும். சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் இல்லாத சிறப்பு இது: வாக்காளர் அனைவரும் உறுப்பினர். தலைவர் அங்கே மக்களுக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டியவர்.

நடைமுறையில் பல ஊர்களில் 100 நாள் வேலைக்கு வந்தவர்களை உட்காரவைத்து, எழுதி வைத்த தீர்மானங்களை வாசித்து, கையெழுத்து வாங்கிக் கூட்டத்தை முடிக்கிறார்கள். குறைவெண் வரம்பு நிறைந்ததா என்பதற்கு மட்டுமே பதிவேடு சாட்சி. இதனால் தலைவருக்கு வேலை எளிதாவதுபோல் தோன்றும். உண்மையில் அவர் தன் ஒரே பலத்தை இழக்கிறார். நிதியும் ஊழியரும் அவரிடம் இல்லை. ஊர் கூடி எடுத்த தீர்மானம் ஒன்றுதான் ஆட்சியரிடமும் துறைகளிடமும் அவர் நிமிர்ந்து காட்டக்கூடிய ஆவணம். 522 கிராமங்களைக் கொண்ட தென்னிந்திய ஆய்வு ஒன்று, கிராம சபை நடந்த ஊர்களில் வறியோருக்கான அட்டைகள் உரியவர்களுக்குச் சேர்வது மேம்பட்டிருப்பதைக் கண்டது. பேசும் ஊரில் பட்டியல் சரியாகிறது.

தேர்தல் இல்லாத ஆண்டுகள்

தலைவரைப் பற்றி இவ்வளவு பேசினாலும், தலைவரே இல்லாத காலங்களைத் தமிழ்நாடு அடிக்கடி சந்திக்கிறது. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தல் உயர் நீதிமன்றத்தால் ரத்தானது. தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் 27 மாவட்டங்களுக்கும் 2021 அக்டோபரில் மீதி ஒன்பது மாவட்டங்களுக்கும்தான் ஊரகத் தேர்தல் நடந்தது. தேர்தல் நடக்காததால் ஒன்றிய நிதிக்குழு மானியமும் நிறுத்திவைக்கப்பட்டது. 2019-இல் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தபோதும் அடுத்த தேர்தல் தயாராக இல்லை. மீண்டும் தனி அலுவலர்களே வந்தார்கள். ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தல் என்று அரசமைப்பு சொல்கிறது. உச்ச நீதிமன்றமும் கிஷன் சிங் தோமர் வழக்கில் 2006-இல் அதை உறுதிசெய்தது.

தனி அலுவலரும் மோட்டார் போடுவார், விளக்கு மாற்றுவார். ஆனால் ஊரார் அவரது வாசலில் போய் நிற்க முடியாது; அடுத்த தேர்தலில் அவரைத் தோற்கடிக்கவும் முடியாது. பல ஊராட்சிகளைச் சேர்த்துப் பார்க்கும் ஓர் அதிகாரிக்குக் காலனித் தெருவின் அடைத்துப்போன சாக்கடை ஒரு கோப்பு. ஊராட்சித் தலைவருக்கு அது நாளை காலை எதிரே நிற்கப்போகும் முகம். ஒரு சட்டமன்றத்தைத் தேர்தலின்றி ஓராண்டு வைத்திருக்க நாம் சம்மதிக்கமாட்டோம். ஆயிரக்கணக்கான ஊராட்சிகளின் மன்றங்கள் என்று வரும்போது சம்மதித்துவிடுகிறோம்.

செய்ய வேண்டியவை

இந்தக் கட்டுரையின் முடிவில் மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறேன். முதலாவது மாநில அரசுக்கு. தேர்தலைக் காலத்தில் நடத்த வேண்டும். தலைவரை நீக்கும் அதிகாரத்தை ஆட்சியரிடமிருந்து எடுத்துச் சார்பற்ற தீர்ப்பாயம் ஒன்றிடம் ஒப்படைக்க வேண்டும். ஊராட்சிச் செயலர் ஊராட்சிக்குப் பதில் சொல்பவராக மாற வேண்டும். ஊர் தானே முடிவுசெய்து செலவிடக்கூடிய கட்டற்ற நிதி கூட வேண்டும். இணைக் கையொப்பத்தைத் துணைத் தலைவர் காரணமின்றி நிறுத்திவைத்தால் குறித்த நாளுக்குள் தீர்வு கிடைக்கும் ஏற்பாடு வேண்டும். கொடியும் நாற்காலியும் மறுக்கப்படும் ஊரில் தலைவர் புகார் எழுதும்வரை காத்திராமல் நிர்வாகமே போய் நிற்க வேண்டும்.

இரண்டாவது புதிதாக வெல்பவருக்கு. சட்டப் புத்தகத்தை வாங்கிப் படியுங்கள். பதவியேற்ற முதல் மாதத்திலேயே ஊராட்சியின் வரவு, செலவு, கடன் மூன்றையும் கிராம சபையில் படித்துக் காட்டுங்கள். வேலைகளின் வரிசையைச் சுவரில் எழுதுங்கள். உங்களுக்கு வாக்களிக்காத தெருவுக்கு முதலில் போங்கள்.

மூன்றாவது நமக்கு. தலைவர் நமக்கு என்ன வாங்கிக் கொடுத்தார் என்று கேட்கும்வரை அவர் வாங்கிக் கொடுப்பவராகவே இருப்பார். ஊருக்குக் கணக்குக் காட்டினாரா என்று கேட்கத் தொடங்கினால், கணக்குக் காட்டக் கூடியவர்கள் தேர்தலில் நிற்க முன்வருவார்கள். கிராம சபைக்குப் போவதும், ஏலத்தில் பதவியை விற்க ஊர் கூடும்போது மறுத்துப் பேசுவதும், பெண் தலைவரிடம் பேச வேண்டியதை அவரிடமே பேசுவதும் வாக்களிப்பதைப் போன்றே நம் கடமைகள். மூவாயிரம் பேர் கொண்ட ஓர் ஊரில் மக்களாட்சி நேர்மையாக நடக்குமானால் மாநிலத்திலும் நாட்டிலும் அது நடக்கும். அங்கே நடக்கவில்லையென்றால் மேலே எத்தனை மன்றங்கள் இருந்தும் அது மக்களைத் தொடாது.